சேவையகமும் வாயிற்பூசலும்

பலர் ஒருங்கு வாழும் இல்லத்திற் பூசல் நிகழ்வது பெரும்பாலும் எவரும் தீயர் என்பதனால் அன்று. ஒருவர் செய்வதை மற்றவர் அறியாமையினாலேயாம். மக்கட்கு ஒக்கும் இவ்வுண்மை மக்கள் ஆக்கிய கணிப்பொறிக்கும் ஒக்கும். இக்காலத்து அலுவலகங்களிற் பலர்க்கும் பொதுவாய் நின்று ஏவல் செய்யும் கணிப்பொறி ஒன்று இருத்தல் வழக்கம். அதனை உலகவழக்கிற் சர்வர் என்றும், நூல்வழக்கிற் சேவையகம் என்றும் கூறுவர். கணக்கர்க்குக் கணக்கேடும், நூலகத்தார்க்கு நூற்பட்டியும், அலுவலர் அனைவர்க்கும் வருகைப்பதிவும் அதன்கண்ணேயே உறையும். ஒருநாட் காலையில் அதிலுள்ள நிரல் ஒன்று எழ மறுத்து, முகவரி முன்னரே பயன்பாட்டில் உள்ளது என்னும் பொருள்பட ஓர் ஆங்கிலத் தொடரை மட்டும் எழுதிவிட்டு ஓய்ந்துவிடும். அத்தொடரைக் கண்டு மருள்வோர் பலர்; மருட்சியாற் பிறர் வேலையைக் கெடுப்போரும் உளர். அதன் பொருள் யாது, அது தோன்றுங் காரணம் யாது, அதனைத் தீர்க்கும் முறை யாது என்பவற்றைக் கணிப்பொறிக் கலை பயிலாதாரும் உணருமாறு ஈண்டு உரைப்பாம்.

வாயிலாவது யாது?

வலையமைப்பின் வழியே வருஞ் செய்தி முதற்கண் நாடுவது ஐ.பி. முகவரியை. அது தெருப்பெயரும் வீட்டிலக்கமும் போல்வது. எந்தக் கணிப்பொறி என்பதை மட்டுமே அஃது அறிவிக்கும். ஆயின் ஒரே கணிப்பொறியிற் பல நிரல்கள் ஒருங்கே இயங்குதலின், வந்த செய்தி அவற்றுள் எதற்கு உரியது என்று அறிவித்தற்குப் பிறிதோர் எண் வேண்டப்படும். அவ்வெண்ணே ஆங்கிலத்திற் போர்ட் எனப்படுவது.

அம்மொழியிற் போர்ட் என்னும் ஒலிவடிவம் இருவேறு சொற்களுக்கு உரியது. ஒன்று போர்ட்டுஸ் என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்து துறைமுகத்தை உணர்த்தும்; மற்றொன்று போர்ட்டா என்னும் சொல்லின் வழிவந்து வாயிலை உணர்த்தும். கணிப்பொறியாளர் கொண்டது பின்னதே. தமிழிற் கலைச்சொல் வகுத்தோருட் சிலர் இதனைத் துறை என வழங்குவர். துறையிற் பல தோணிகள் ஒருங்கே தங்கும். ஒரு வாயிலுக்கோ காவலன் ஒருவனே. இங்குக் கருதப்படும் எண்ணும் அவ்வியல்பினதே. ஆதலின் வாயில் என்பதே பொருளுக்கு இயைபுடைத்தெனக் கொண்டு, இக்கட்டுரையில் அச்சொல்லையே ஆள்வாம்.

வாயிலெண் பதினாறு இருமக் கூறுகளால் ஆயது. ஆகவே 0 முதல் 65,535 வரை 65,536 எண்கள் உள. டி.சி.பி., யு.டி.பி. என்னும் இரு நெறிகளும் தத்தமக்கென இத்தொகையைத் தனித்தனியே உடையன. மின்னஞ்சல் ஒரு சேவையகத்தினின்று மற்றொன்றிற்குச் செல்வது 25ஆம் வாயில் வழி. தளத்தின் பெயரைச் சொல்லி முகவரி கேட்பது 53ஆம் வாயில் வழி. வலைத்தளங்களை நாம் காண்பது 80 அல்லது 443ஆம் வாயில் வழி. 1998ஆம் ஆண்டிற் றொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களைத் தமிழ் மாணவர் ஒருவர் உலாவியிற் றிறக்குந்தோறும், அவர் அறியாமலே எங்கோ உள்ள ஒரு சேவையகத்தின் வாயிலைத் தட்டுகின்றார். அவ்வாயிலிற் காத்திருக்கும் நிரல் விடை தருகின்றது. எண்ணை அவர் எழுத வேண்டாமைக்குக் காரணம், உலாவியும் சேவையகமும் அவ்வெண்ணை முன்னரே உடன்பட்டிருத்தலேயாம்.

எண்கள் வகுக்கப்பெற்ற வரலாறு

இவ்வுடன்பாடு தானே விளைந்ததன்று. அமெரிக்க நாட்டில் ஆர்ப்பாநெட் என்னும் வலையமைப்பு வளர்ந்துவந்த காலத்தில், எந்தப் பணிக்கு எந்த எண் என்பதிற் குழப்பம் நேராதிருத்தற்கு அவ்வெண்களை வழங்கும் ஒருவர் வேண்டும் என்று 1972ஆம் ஆண்டில் ஜான் போஸ்டல் என்பார் ஒரு குறிப்பு எழுதினார். பின்னர் அப்பொறுப்பைத் தாமே ஏற்று, 1998ஆம் ஆண்டில் மறையுங்காறும் அப்பணியினை நடத்தினார். 1983ஆம் ஆண்டு ஜனவரி முதல்நாள் ஆர்ப்பாநெட் டி.சி.பி. நெறிக்கு மாறியது. இன்று அவ்வெண்களை வழங்குவது ஐயானா எனப்படும் அமைப்பு.

எண்கள் மூவகைப்படும். 0 முதல் 1023 வரை உள்ளவை நெடுங்காலப் பொதுப்பணிகளுக்கு உரியன. 1024 முதல் 49,151 வரை உள்ளவை வேண்டுவோர் பதிந்துகொள்ளத் தக்கன. எஞ்சியவை எவர்க்கும் உரிமையாகாது, அவ்வப்போது எடுத்து விடப்படுவன.

எண் பெறுதற்குரிய நன்முறைக்கு எடுத்துக்காட்டு ஒன்று கூறுவாம். 1995ஆம் ஆண்டிற் பின்லாந்து நாட்டிலே டாட்டு யுலோனென் என்பவர், தொலைவிலுள்ள கணிப்பொறியோடு மறைவாய் உரையாடும் எஸ்.எஸ்.எச். என்னும் நிரலை இயற்றினார். அக்காலத்து அவ்வேலைக்குப் பயன்பட்ட டெல்நெட் 23ஆம் வாயிலிலும், கோப்புகளை அனுப்பும் எஃப்.டி.பி. 21ஆம் வாயிலிலும் இருந்தன. இரண்டிற்கும் மாற்றாகத் தம் நிரல் அமைதலின், இடையே வறிதிருந்த 22ஆம் எண்ணை அவர் விரும்பினார். அதனைத் தாமே எடுத்துக்கொள்ளாது, அவ்வாண்டு ஜூலைத் திங்களில் எண் வழங்குவோர்க்கு ஓர் மின்மடல் விடுத்தார். மறுநாளே ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் அம்மையார் அவ்வெண்ணை அவருக்கு வழங்கி விடையெழுதினார். இன்று உலகெங்குமுள்ள சேவையகங்களை நிர்வகிப்போர் நாடோறும் புகும் வாயில் அதுவே. கேட்டுப் பெறுதலும், பெற்றதை ஏட்டிற் குறித்தலும் ஆகிய இரண்டே அதற்கு வேண்டப்பட்டன.

பூசல் தோன்றுமாறு

ஒரு நிரல் எழும்பொழுது, இன்ன முகவரியில் இன்ன வாயில் எனக்கு வேண்டும் என்று இயங்குதளத்தை வேண்டும். வாயில் வறிதாயின் இயங்குதளம் இசைந்து, அந்நிரலை அங்கே காத்திருக்கச் செய்யும். முன்னரே மற்றொரு நிரல் அங்கிருப்பின் இயங்குதளம் மறுக்கும். இம்மறுப்பே மேற்கூறிய ஆங்கிலத் தொடர். லினக்ஸ் இயங்குதளத்தில் இப்பிழையின் எண் 98, விண்டோஸில் 10048. வந்த செய்தியை இருவருள் யாரிடம் தருவது என்று அறிய வழியின்மையின், பின்வந்தாரை மறுத்தல் முறையே. ஆகவே இது பொறியின் பழுதன்று. பொறி தன் கடமையைச் செவ்வனே ஆற்றியதன் அறிகுறியே என்க.

அலுவலகச் சேவையகங்களில் இப்பூசல் பெரிதும் நிகழ்வது 8080 என்னும் எண்ணிலாம். யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் 1024க்குக் கீழ்ப்பட்ட வாயில்களைப் பற்றுதற்கு இயல்பாகத் தலைமை நிர்வாகியின் உரிமை வேண்டும். அவ்வுரிமையின்றி வலைத்தளம் நடத்த விரும்புவோர், 80ஐ இருமுறை எழுதினாற்போன்று நினைவிற்கு எளிதாயுள்ள 8080ஐ நாடினர். ஜாவா மொழி நிரல்களுக்கு இடமளிக்கும் டாம்கேட் இயல்பாகப் பற்றுவது அதனையே. நிரல்களைத் தானே தொகுத்துச் சோதிக்கும் ஜென்கின்ஸ் இயல்பாகப் பற்றுவதும் அதனையே. இரண்டும் ஒரு பொறியில் வைக்கப்படின் யாது நிகழும் என்பதை ஓர் அலுவலகத்தை உள்ளத்தே கற்பித்துக்கொண்டு காண்பாம்.

அங்கு ஊழியர் வருகையையும் ஊதியத்தையும் கணக்கிடும் நிரல் டாம்கேட்டின் மீது 8080இல் இயங்கிவருகின்றது. செப்பஞ்செய்தற்பொருட்டு அதனை ஒரு விடுமுறை வாரத்தில் நிறுத்தி வைக்கின்றனர். அவ்வமயம் வேறொரு பிரிவினர் அதே சேவையகத்தில் ஜென்கின்ஸை நிறுவுகின்றனர். வாயில் வறிதாயிருத்தலின் அது தடையின்றி எழுகின்றது. எவர்க்கும் ஐயமில்லை. திங்கட்கிழமை காலை டாம்கேட்டை எழுப்ப முயல்வோர்க்கு மறுப்பு வருகின்றது. வருகையைப் பதிய வந்த ஊழியரோ, பழகிய முகவரியில் தாம் முன்பு கண்டறியாத வேறொரு நிரலின் முகப்பைக் கண்டு திகைக்கின்றனர். ஊதியம் வழங்கும் நாளும் அணித்தே உள்ளது. இரு பிரிவினரும் தத்தம் வேலையைச் செம்மையாகவே செய்துளர். எனினும் வேலை நின்றது.

ஆராயும் முறை

இந்நிலையிற் செய்யத்தக்கது யாதெனின், வாயிலைப் பற்றியிருப்பது யாது என்று முதற்கண் தெளிதலே. லினக்ஸில் இதற்கு எஸ்.எஸ். என்னுங் கட்டளை உளது. அதனோடு எல், டி, என், பி என்னும் நான்கு குறியெழுத்துக்களைச் சேர்த்தல் வேண்டும். எல் என்பது காத்திருக்கும் வாயில்களை மட்டும் காட்டும். டி என்பது டி.சி.பி. நெறிக்குரியனவற்றைக் காட்டும், என் என்பது எண்ணை எண்ணாகவே காட்டும், பி என்பது பற்றியிருக்கும் இயக்கத்தின் பெயரையும் அடையாள எண்ணையும் காட்டும். என் என்னும் எழுத்தை விடுத்தால், 8080 என்பதற்கு ஈடாக எச்.டி.டி.பி.-ஆல்ட் என்னும் பெயரே தோன்றும். எண்ணைத் தேடுவோர், அஃது இல்லையென்று மயங்குவர். பிறர்க்குரிய இயக்கத்தின் பெயரைக் காண நிர்வாகியின் உரிமையும் வேண்டும். விண்டோஸில் நெட்ஸ்டாட் என்பதனோடு ஏ, என், ஓ என்னும் எழுத்துக்களைச் சேர்ப்பின் அடையாள எண் கிட்டும். மேக் கணிப்பொறியில் எல்.எஸ்.ஓ.எஃப். என்னுங் கட்டளை பயன்படும்.

இங்கேதான் பெருந்தவறு நேர்வது. மேற்கூறிய அலுவலகத்தில் அக்கட்டளையை இட்டால், வாயிலைப் பற்றியிருப்பது ஜாவா என்னும் விடை வரும். டாம்கேட்டும் ஜாவா, ஜென்கின்ஸும் ஜாவா. செப்பஞ்செய்ய வந்தவர், தம் டாம்கேட்டின் பழைய இயக்கமே ஒழியாது தங்கிவிட்டதென்று எண்ணுதல் எளிது. எண்ணியவுடன், கில் என்னுங் கட்டளையோடு 9 என்னும் எண்ணைச் சேர்த்து அதனை அழித்தலும் எளிது. 15 என்னும் எண்ணாற் கட்டளையிடின், நிரல் தன் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு ஓயும். 9 என்பதோ ஒரு கணமும் இடந்தராது. அவ்வழி, பிறர் இரவெல்லாம் நடத்திய சோதனை இடையே அறுந்துபோதல் கூடும். வாயிலைப் பற்றியிருந்தது போஸ்ட்கிரஸ் போன்ற தரவுத்தளமாயின் தீங்கு இன்னும் பெரிது. அதனை 9ஆல் நிறுத்துதல் தகாதென்று அதன் கையேடே விலக்குகின்றது. அழித்தும் பயனில்லை. சிஸ்டம்-டி என்னும் மேற்பார்வை நிரல், விழுந்த ஜென்கின்ஸைத் தானே மீண்டும் எழுப்பும். புதிய அடையாள எண்ணோடு அதே வாயிலில் அது நிற்கக் காணலாம்.

ஆதலின் பெயரளவில் நில்லாது மேலும் ஓரடி செல்லுதல் வேண்டும். சிஸ்டம்-சி.டி.எல். என்னுங் கட்டளையில் ஸ்டேட்டஸ் என்று எழுதி, கண்ட அடையாள எண்ணையும் சேர்ப்பின், அவ்வியக்கம் எந்தப் பணியைச் சார்ந்தது, எப்பொழுது எழுந்தது என்பன புலப்படும். பி.எஸ். என்னுங் கட்டளை, அஃது எந்தக் கோப்பினின்று எழுந்தது, எவர் பெயரால் இயங்குகின்றது என்பவற்றைக் காட்டும். பெயர், உரியவர், எழுந்த காலம் ஆகிய மூன்றும் தெரிந்தபின், அவ்வுரியவரை நேரிற் கேட்டல் வேண்டும். கேட்டபின் செய்வது திருத்தம். கேளாது செய்வது ஊறு.

ஒன்றுபோற் றோன்றும் வேறு காரணங்கள்

எல்லா மறுப்பும் இருவர் பூசலாகா. சிலவற்றைப் பிரித்தறிதல் நன்று.

முதலாவது: உரிமை மறுக்கப்பட்டது என்னுந் தொடர் வரின், வாயில் வறிதே, பற்றுவோர்க்கு உரிமையில்லை என்பதே பொருள். 1024க்குக் கீழ்ப்பட்ட எண்களில் இது பெரிதும் நிகழும்.

இரண்டாவது: நிரலை நிறுத்தி உடனே எழுப்பும்பொழுது வரும் மறுப்பு. டி.சி.பி. நெறியில் தொடர்பை முதலில் முடித்தவர் பக்கத்தே, வழியிற் றங்கிய பழஞ்செய்திகள் புதிய தொடர்பிற் புகாதிருத்தற்பொருட்டு, அத்தொடர்பின் நிழல் சிறிதுநேரம் நிற்கும். லினக்ஸில் அந்நேரம் 60 விநாடி. காத்திருப்பவற்றை மட்டும் காட்டும் எல் என்னும் எழுத்தால் இதனைக் காணலாகாது. ஏ என்பதை இட வேண்டும். பொறுத்திருப்பின் தானே நீங்கும். இந்நிழலைப் பொருட்படுத்தாது வாயிலைப் பற்றுதற்குரிய இசைவை நிரல் எழுதுவோர் முன்னரே கேட்டுவைத்தலும் உண்டு.

மூன்றாவது: வெளியே செல்லுந் தொடர்பு வாயிலைப் பற்றியிருத்தல். சேவையகம் பிறரோடு தான் பேசும்பொழுதும் தன்பக்கத்தில் ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் இதற்கு இயல்பாக 32,768 முதல் 60,999 வரை உள்ளவற்றை ஆளும். நாம் நிலையான பணிக்கு இவற்றுள் ஒன்றைத் தெரிந்துகொள்ளின், பல நாள் நன்றாய் இயங்கி ஒருநாள் மட்டும் எழ மறுக்கும். இவ்வகையே கண்டறிதற்கு அரியது.

நான்காவது: பற்றியவர் பெயர் உண்மையைக் காட்டாமை. கன்டெய்னரில் இயங்கும் நிரலின் வாயிலை டாக்கர் தன் பெயரிற் பற்றியிருக்கும். அங்கு வினவ வேண்டுவது டாக்கரையே. சில பணிகளுக்கு சிஸ்டம்-டி தானே வாயிலைப் பற்றி, செய்தி வந்தபின்னரே பணியை எழுப்பும். அப்பொழுது அடையாள எண் 1 என்று தோன்றும். உபுண்டு இயங்குதளத்தில் 53ஆம் வாயிலை 127.0.0.53 என்னும் உள்முகவரியில் சிஸ்டம்-டியைச் சார்ந்த ஒரு பணி முன்னரே பற்றியிருத்தலும், 2021இல் வெளிவந்த மான்டரே பதிப்பு முதல் மேக் கணிப்பொறியில் ஏர்பிளே என்பது 5000ஆம் வாயிலைப் பற்றுதலும் பலரை மயக்கியவை. எவரும் நிறுவாமலே இயங்குதளத்தோடு வந்தவர் இவர்.

தீர்க்கும் வழிகள்

உண்மை தெளிந்தபின் தீர்வு எளிது. வழிகள் நான்கு.

பற்றியிருக்கும் நிரல் இனி வேண்டாததாயின், உரியவர் இசைவோடு அதனை நிறுத்துதல் முதல்வழி. நிறுத்தியதோடு அமையாது, பொறி மறுதொடக்கம் பெறும்பொழுது அது தானே எழாதவாறும் செய்தல் வேண்டும். அன்றேல் மின்தடை நேர்ந்த மறுநாள் எது முந்தி எழுமோ அதுவே வாயிலைப் பற்றும், பூசல் மீளும்.

இரண்டும் வேண்டுவனவாயின் ஒன்றன் எண்ணை மாற்றுதல் இரண்டாம் வழி. மேற்கூறிய அலுவலகத்தில் ஜென்கின்ஸ் 8081க்குச் செல்லலாம். பலர் பழகிய வாயிலில் இருப்பதை விடுத்து, புதிதாய் வந்ததை மாற்றுதலே தகுதி. மாற்றியபின் தீச்சுவர் என்னுங் காப்பிலும் அவ்வெண்ணைத் திறந்து, பயன்படுத்துவோர்க்கும் அறிவித்தல் வேண்டும். ஒரே நிரல் பல வாயில்களைக் கொள்ளுதலும் உண்டென்பதை மறவற்க. டாம்கேட் 8080ஐயன்றி, தன்னை நிறுத்துங் கட்டளைக்கென 8005ஐயும் பற்றும். இரண்டு டாம்கேட்டுகளை நிறுவி 8080ஐ மட்டும் மாற்றினோர்க்குப் பூசல் 8005இற் காத்திருக்கும்.

மூன்றாம் வழி முகவரியைப் பிரித்தல். பூசல் எண்ணால் மட்டும் விளைவதன்று. முகவரியும் எண்ணும் சேர்ந்தே விளைவது. நிரல்கள் பல 0.0.0.0 என்று எழுதிப் பொறியின் எல்லா முகவரிகளையும் ஒருங்கே பற்றும். பொறிக்கு இரண்டு முகவரிகளிருப்பின், ஒவ்வொரு நிரலையும் ஒவ்வொரு முகவரிக்கே உரியதாக்கினால் ஒரே எண் இரண்டிற்கும் இசையும்.

நான்காம் வழி முன்னே ஒரு காவலனை நிறுத்துதல். இன்ஜின்-எக்ஸ் போன்ற ஒரு நிரல் 80, 443 என்னும் வாயில்களிற் றான் நின்று, வருவோர் எந்தத் தளத்தின் பெயரைச் சொல்லுகின்றனர் என்று நோக்கி, உள்ளே வெவ்வேறு எண்களிலுள்ள நிரல்களிடம் அவரைச் சேர்ப்பிக்கும். உலாவி தான் நாடும் தளத்தின் பெயரை வேண்டுகோளிலேயே எழுதி அனுப்புதலின் இது இயல்வதாயிற்று. ஊழியர்க்கு எண் எதுவும் வேண்டா. வருகை, சோதனை என்னும் பெயர்களே அமையும். வலைத்தளமாய் இயங்கும் நிரல்கள் பலவற்றைக் கொண்ட அலுவலகத்திற்கு இதுவே சிறந்தது.

ஏடொன்று வேண்டும்

தீர்த்தலினும் வாராமற் காத்தல் சிறந்தது. யூனிக்ஸ் இயங்குதளங்களில் சர்வீசஸ் என்னும் ஒரு கோப்பு, எண்களையும் அவற்றிற்குரிய பணிகளின் பெயர்களையும் தொகுத்து வைத்துளது. ஆயின் அது பெயர்ப்பட்டியே. நம் அலுவலகத்தில் யார் எதனைப் பற்றியிருக்கின்றார் என்பதை அது கூறாது. எஸ்.எஸ். என்னுங் கட்டளையோ இக்கணத்து நிலையை மட்டுங் காட்டும். விடுமுறையில் ஓய்ந்திருந்த டாம்கேட்டை அது காட்டவில்லை யன்றோ? ஓய்ந்திருப்பார் உரிமையையும் காப்பது எழுத்தொன்றே.

ஆகலின் ஒவ்வோர் அலுவலகமும் தன் சேவையகத்திற்கென ஓர் ஏடு வைத்தல் வேண்டும். வாயிலெண், முகவரி, நிரலின் பெயர், அதனால் நிகழும் பணி, பொறுப்புடையவர், பதிந்த நாள் என்னும் ஆறு செய்திகள் அதற்குப் போதும். புதிய நிரலை நிறுவுவோர் வாயில் வறிதா என்று பொறியை வினவுமுன் ஏட்டை வினவுதல் வேண்டும். நிறுவியபின் ஒரு வரி எழுதுதல் வேண்டும். நீக்கியபின் அதனை அடித்தல் வேண்டும். இதற்குப் பொருட்செலவில்லை, பெருங் கல்வியும் வேண்டா. உலகனைத்திற்கும் எண் வகுத்த போஸ்டலும் அவர்தம் குழுவினரும் கைக்கொண்ட முறையும் இதுவே.

ஒரு சேவையகத்தைப் பலர் பகிர்ந்துகொள்ளுங்கால், ஒவ்வோர் எண்ணின் பின்னும் ஒருவருடைய உழைப்பு நிற்கின்றது. திரையில் ஜாவா என்று மட்டும் தோன்றுவது, ஒருவர்க்கு இம்மாத ஊதியமாகவும் மற்றொருவர்க்கு இரவு முழுவதும் நடந்த சோதனையாகவும் இருத்தல் கூடும். அதனை உணர்ந்து, கில் என்னுங் கட்டளைக்குக் கை செல்லுமுன் அவ்வெண்ணுக்கு உரியவரை நாடிச் சென்று கேட்பாரே, பொதுப்பொறியை ஆளத் தக்கவராவர்.